வளைவில் இரு சக்கரங்கள்



சென்ற இதழில் கிணற்று மோட்டாரைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் சிலர், "மோட்டார் வண்டியைப் பற்றியும் எழுதலாகாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல வேளையில் கேட்டார்கள். மோட்டார் வண்டியின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் ஓர் உறுப்பை முன்னிட்டு, நம் குடும்பத்திலேயே அண்மையில் ஒரு பூசல் எழுந்து அடங்கியது. அவ்வுறுப்பின் பெயர் டிஃபரன்ஷியல். நாம் ரயில்வே குமாஸ்தாவேயன்றி எஞ்சினீயர் அல்லோம். ஆயினும் கேட்டும் படித்தும் கண்டும் அறிந்தவற்றை நம்மைப் போன்ற குடும்பத்தாருக்குச் சொல்லி வைப்பது பயனுடையது என்று கருதுகிறோம்.

பிழைப்பை முன்னிட்டுச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து குடியேறிய நம்மவர் வீடுகளில் கார் இன்று ஆடம்பரப் பொருளன்று. ஆரணியில் ஒரு சாவு, வேலூரில் ஒரு சீமந்தம் என்றால் இரவோடு இரவாக மூட்டை முடிச்சுகளுடன் கிளம்ப வேண்டியிருக்கிறது. அந்த வண்டியில் கிழவர்களும் குழந்தைகளும் அமர்கிறார்கள். அதே வண்டியை வீட்டுப் பிள்ளைகள் பந்தயத் தளத்துக்கும் கொண்டு போகிறார்கள். பூசல் பிறந்த இடம் இதுவேயாகும்.

முதலில் நாம் கண்ட ஒரு காட்சியைச் சொல்லி விடுகிறோம்.

நம் அக்காள் குடும்பம் கங்காதர நெல்லூரில் இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தோம். ஊர்ப் புறத்தில் ஒரு கரும்புக் கொல்லை. பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிராக்டர் ஒன்று கொல்லையை விட்டு வெளியேறிக் கொண்டிருந்தது. திடீரென்று அதன் இடப் பக்கத்துப் பெரிய சக்கரம் சேற்றில் இறங்கியது. ஓட்டுநர் எஞ்சினை முறுக்கினார். இடச் சக்கரம் சேற்றை வாரி வாரி இறைத்துக்கொண்டு சுழன்றது. வலச் சக்கரமோ கெட்டியான வரப்பின் மேல் நின்றுகொண்டு அசையவேயில்லை. பிடிப்பு உள்ள சக்கரம் சும்மா நிற்கிறது. பிடிப்பு இல்லாத சக்கரம் ஆடுகிறது! வேடிக்கை பார்க்கும் நமக்கு இது பெரிய அநியாயமாகத் தோன்றியது.

ஓட்டுநர் அனுபவசாலி. எஞ்சினைத் தணித்து, குதிகால் பக்கத்தில் இருந்த ஒரு சிறு மிதியை அழுத்தினார். பிறகு மெல்ல வேகம் கொடுத்தார். இரு சக்கரங்களும் ஒன்றாகத் திரும்பின. டிராக்டர் முனகிக்கொண்டே மேலேறி விட்டது. ஏறியவுடன் அவர் மிதியிலிருந்து காலை எடுத்து விட்டுத்தான் வண்டியை வளைத்தார். "அதை மிதித்தபடியே திருப்பினால் என்ன ஆகும்?" என்று கேட்டோம். "வண்டி திரும்பாது, அண்ணா. பலவந்தமாகத் திருப்பினால் உள்ளே பல் போகும்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் இந்தக் கட்டுரையின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கொல்லையிலிருந்து அக்காள் வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் மருமகனின் ஸ்விஃப்ட் கார் நின்றுகொண்டிருந்தது. பையனுக்கு வயது இருபத்து நான்கு. திருப்பதிக்கு அருகே ஒரு தொழிற்சாலையில் வேலை. நாள்தோறும் அந்தக் காரிலேதான் போய் வருகிறான். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்துக்குச் சென்று, கட்டணம் செலுத்தி, தன் காரையே ஓட்டிப் பார்த்து வருகிறான். சூதாட்டமோ குடியோ இல்லாத பிள்ளை. இது ஒன்றுதான் அவன் ஆசை.

அக்காள் நம்மை அடுப்பங்கரைக்கு அழைத்துத் தணிந்த குரலில் கூறினாள்: "தம்பி, என் சங்கிலியை அடகு வைக்கக் கேட்கிறான். காருக்கு ஏதோ சாமான் வாங்க வேண்டுமாம். ஒரு லட்சத்து நாற்பதாயிரமாம். நீ கேட்டுப் பார்."

அந்தச் சங்கிலி நம் தாயார் அக்காளுக்குப் போட்டது. நாம் சற்றுக் கோபமாகவே மருமகனை அழைத்தோம். அவன் அமைதியாகப் பதில் சொன்னான்.

"மாமா, வளைவை விட்டு வெளியே வரும்போது உட்பக்கத்துச் சக்கரம் சும்மா சுற்றுகிறது. எஞ்சினுடைய பலம் எல்லாம் புகையாய்ப் போகிறது. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போட்டால் சரியாகிவிடும். நீங்கள் வேண்டாம் என்றால், செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. உள்ளே இருக்கும் பல்சக்கரங்களை வெல்டிங் வைத்துவிட்டால் போதும். இரண்டாயிரம் ரூபாயில் முடிந்துவிடும்."

இதைக் கேட்டதும் கோபம் போய்க் கவலை வந்தது. லட்ச ரூபாய்ச் சாமானைக் காட்டிலும் அந்த இரண்டாயிரம் ரூபாய் வெல்டிங் நம்மை அதிகமாக அச்சுறுத்தியது. ஏன் என்பதை விளக்குவதற்கு, டிஃபரன்ஷியல் என்பது எதற்காக ஏற்பட்டது என்று முதலில் சொல்ல வேண்டும்.

கார் ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்துச் சக்கரம் பெரிய வட்டத்திலும் உட்பக்கத்துச் சக்கரம் சிறிய வட்டத்திலும் ஓடுகின்றன. இரண்டுக்கும் இடையே அகலம் ஒன்றரை மீட்டர் என்று கொள்வோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் வண்டி முற்றிலும் திரும்பி எதிர்த் திசையை நோக்கினால், வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிடச் சுமார் 4.7 மீட்டர் அதிகம் ஓடியிருக்கும். வளைவு சிறிதானாலும் பெரிதானாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒரே தண்டில் இறுகப் பிணைத்த இரு சக்கரங்களுக்கு இது இயலாது. ஒன்று தரையில் தேய்ந்தே ஆகவேண்டும்.

"அப்படியானால் ரயில் எப்படித் திரும்புகிறது? அதில் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகியவைதாமே?" என்று நேயர்கள் கேட்கலாம். நம் உத்தியோகத்துக்கு உரிய கேள்வி இது. ரயில் சக்கரத்தின் ஓடுபரப்பு தட்டையானதன்று. நம் நாட்டில் அது இருபதுக்கு ஒன்று என்ற சரிவில், கூம்பின் ஒரு துண்டைப் போலச் செதுக்கப்பட்டிருக்கிறது. வளைவில் அச்சு முழுவதும் சற்றே வெளிப்பக்கம் நகர்கிறது. உடனே வெளிச் சக்கரம் தன் பெரிய சுற்றளவிலும், உட்சக்கரம் தன் சிறிய சுற்றளவிலும் தண்டவாளத்தைத் தொடுகின்றன. ஒரே வேகத்தில் சுழன்றும் வெவ்வேறு தூரம் ஓடிவிடுகின்றன. வளைவு மிகக் குறுகினால் இந்த உபாயமும் போதாது. அப்போதுதான் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தில் உராய்ந்து கிறீச்சிடுகிறது. பாகாலா வழியாகத் திருப்பதிக்குப் பிரயாணம் செய்வோர் வளைவுகளில் காதைக் கொடுத்தால் அவ்வொலியைக் கேட்கலாம். இரும்பின் மேல் இரும்பு ஓடும் இடத்தில் இது பொருந்தும். ரப்பர் டயருக்கும் தார் ரோட்டுக்கும் பொருந்தாது.

எனவே, காருக்கு வேறு ஏற்பாடு தேவையாயிற்று. பிரான்சு தேசத்தைச் சேர்ந்த பெக்கர் என்பவர் 1827-இல் நீராவி வண்டிக்காக இதை அமைத்தார். கிரவுன் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு கூட்டுக்குள் சிறிய ஸ்டார் பினியன்கள் இருக்கின்றன. அவற்றின் இருபுறமும் சன் பினியன்கள் இரண்டு. அவற்றிலிருந்து இரு சக்கரங்களுக்கும் தண்டு போகிறது. நேரே போகும்போது எல்லாம் ஒன்றாகச் சுழல்கின்றன. வளைவில் ஸ்டார் பினியன்கள் தம்மிடத்திலேயே உருண்டு, ஒரு சக்கரத்துக்குக் குறைத்ததை மற்றதற்குக் கூட்டிக் கொடுக்கின்றன. அண்ணன் தம்பி பங்கைப் போலக் கூட்டுத்தொகை மாறுவதில்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. வேகத்தில் விட்டுக்கொடுக்கும் இந்தச் சாதனம், முறுக்குவிசையை இருபுறமும் சமமாகவே தருகிறது. ஒரு சக்கரம் மணலில் இருந்து 50 பங்கு விசையை மட்டுமே தாங்குகிறது என்று கொள்வோம். மற்றது நல்ல ரோட்டில் இருந்து 400 பங்கு தாங்க வல்லது. ஆயினும் அதற்கும் 50 பங்கே கிடைக்கும். ஆகமொத்தம் 100. மீதிப் பலம் மணலை இறைப்பதில் போகிறது. கரும்புக் கொல்லையில் நாம் கண்ட அநியாயம் இதுதான். மருமகன் பந்தயத் தளத்தில் கண்டதும் இதுவே. வளைவில் காரின் பாரம் வெளிப்பக்கம் சாய்கிறது. உட்சக்கரம் இலேசாகிப் பிடிப்பை இழக்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவையே லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்கள். இளைஞர்கள் இதனை எல்.எஸ்.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 1930-களில் ஜெர்மனியில் ஃபெர்டினான்ட் போர்ஷே வடிவமைத்த ஆட்டோ யூனியன் பந்தயக் காரின் எஞ்சின் மிக்க வலிமை வாய்ந்தது. வேகமாகப் போகும்போதுகூடப் பின்சக்கரங்களில் ஒன்று வீணே சுழன்றது. அதற்கு மாற்றுச் செய்யும் பொறுப்பு 1935-இல் இசட்.எஃப். என்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆக, இந்தச் சாதனம் பந்தயத்துக்கென்றே பிறந்தது; பிறகுதான் வீட்டுக் கார்களுக்கு வந்தது.

இனி, இதன் வகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெல்டிங் வைத்து இறுக்குவது முதல் வகை. இது டிஃபரன்ஷியலைத் திருத்துவதன்று, அதைக் கொன்றுவிடுவது. முன்பு சொன்ன கணக்குப்படி விசை 50-உம் 400-உம் சேர்ந்து 450 ஆகும் என்பது மெய்யே. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு டயர் தரையில் இழுபட்டே தீரும். ஈர ரோட்டில் அந்த இழுப்பு வண்டியையே விலக்கிவிடும். நம் நண்பர் ஒருவர் பழைய ஜீப் ஒன்றின் பின் அச்சில் இப்படிச் செய்து வைத்திருந்தார். மழை தூறிய ஒரு மாலையில், ரயில் நிலையத்துக்குத் திரும்பும் வளைவில், நாமும் அதில் இருந்தோம். வேகம் அதிகமில்லை. ஆயினும் ஜீப்பின் பின்புறம் தானாகவே விலகி மதகுச் சுவரில் மோதியது. அச்சுத் தண்டு முறிந்தது. உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால், பின்னிருக்கையிலிருந்த நண்பரின் தாயாருக்கு மணிக்கட்டு முறிந்து, இன்றுவரை அவரால் குடத்தைத் தூக்க முடியவில்லை. இரண்டாயிரம் ரூபாய் வெல்டிங் என்றதும் நமக்குக் கவலை வந்ததன் காரணம் அதுதான்.

டிராக்டரின் மிதியைப் போல வேண்டும்போது மட்டும் பூட்டுவது இரண்டாம் வகை. மகிந்திரா நிறுவனத்தின் தார், பொலிரோ நியோ ஆகிய வண்டிகளின் சில வகைகளில், ஒரு சக்கரம் அளவுக்கு மீறிச் சுழன்றால் தானே பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. இவை குறைந்த வேகத்தில் சேற்றிலும் மணலிலும் மீளுவதற்கு உகந்தவை. பந்தயத் தளத்து வளைவுக்காக ஏற்பட்டவையல்ல.

மூன்றாவது, பிளேட் வகை. இருசக்கர வண்டியின் கிளட்சில் இருப்பதைப் போன்று அடுக்கடுக்கான தட்டுகள் இதனுள்ளே இருக்கின்றன. எஞ்சின் விசை வரும்போது சரிவான பள்ளங்களில் அமைந்த ஊசித்தண்டு விலகித் தட்டுகளை நெருக்குகிறது. இரு சக்கரங்களும் பிணைகின்றன. இதில் மூன்று பிரிவுகள் உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் பிணைப்பது ஒரு வழி. மிதிக்கும்போதும் விடும்போதும் ஒரே அளவில் பிணைப்பது இரு வழி. விடும்போது குறைவாகப் பிணைப்பது ஒன்றரை வழி. இரு வழியைப் பெரும்பாலும் பின்சக்கர ஓட்டமுள்ள பந்தய வண்டிகளில் வைப்பார்கள். முன்சக்கர ஓட்டமுள்ள சிறு காரில் இரு வழியை வைத்தால், பிரேக் பிடித்து வளைவில் நுழையும்போது வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும்.

பந்தயத்துக்குப் பிளேட் வகை சிறந்தது என்பதில் ஐயமில்லை. உட்சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிட்டாலும், தட்டுகளின் முன்னழுத்தம் இருப்பதால் மற்றச் சக்கரத்துக்கு விசை போகும். அழுத்தத்தையும் சரிவுக் கோணத்தையும் மாற்றியமைத்து ஓட்டுநரின் விருப்பத்துக்கு இசையச் செய்யலாம். ஆனால் வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது கடகடவென்று சத்தமிடும், டயர் உராயும். தட்டுகள் தேயும். தனி எண்ணெய் வேண்டும். அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். சில காலம் சென்றபின் கியர் பெட்டியை இறக்கி, அவிழ்த்து, புதுத் தட்டு போட வேண்டும். அவிழ்க்கத் தெரிந்த கைகள் சித்தூரில் கிடைக்குமா என்பதையும் வாங்குவதற்கு முன்பே எண்ண வேண்டும்.

நான்காவது, சிலிகோன் திரவத்தில் தட்டுகள் சுழலும் வகை. மிருதுவானது, ஆனால் பிடிக்கச் சற்று நேரமாகும். வெப்பத்தினால் திரவம் நாளடைவில் வலுவிழக்கும். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது, திருகுப் பல் வகை. அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மன் 1958-இல் கண்டுபிடித்த அமைப்பின் வழி வந்தது டார்சன் எனப்படுவது. குவைஃப் என்ற ஆங்கில நிறுவனத்தின் அமைப்பும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. இதில் தேயும் தட்டுகள் இல்லை. சாய்வாக வெட்டிய பல்சக்கரங்கள் விசை ஏற ஏறக் கூட்டின் சுவரில் தாமே நெருங்கி உராய்கின்றன. அந்த உராய்வினால், பிடிப்புள்ள சக்கரத்துக்கு அதிக விசை செல்கிறது. மூன்று மடங்கு வரை செல்லும் என்று வைத்துக்கொள்வோம். மணலில் இருக்கும் சக்கரம் 50 தாங்கினால், ரோட்டில் உள்ளதற்கு 150 கிடைக்கும். ஆகமொத்தம் 200. முன்னே கண்ட 100-க்கு இது இரட்டிப்பு. சத்தமில்லை, சாதாரண கியர் எண்ணெயே போதும், ஆக்ஸிலேட்டரை விட்டால் பெரும்பாலும் இயல்பான டிஃபரன்ஷியலைப் போல விட்டுக்கொடுக்கும்.

இதன் குறையையும் மறைக்கலாகாது. பெருக்கல் கணக்கு இது. பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினாலும் பூஜ்யமே. உட்சக்கரம் அந்தரத்தில் எழும்பிவிட்டால் இது கைகொடுக்காது.

ஆறாவது ஒன்றும் உண்டு. சுழலும் சக்கரத்தைக் கணிப்பொறி அறிந்து, அதன் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடித்து, விசையை மற்றப் பக்கம் திருப்புவது. புதிய கார்கள் பலவற்றில் இது தொழிற்சாலையிலேயே வருகிறது. ரோட்டுக்கு இது போதும். பந்தயத் தளத்தில் சுற்றுக்குச் சுற்று பிரேக் சூடேறும், அவ்வளவே.

நிற்க. ரோட்டுக்கும் தளத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்ல வேண்டும்.

நம் தமிழகம் மோட்டார்ப் பந்தயத்துக்குப் புதியதன்று. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் ஆண்டுக்காண்டு நடந்த பந்தயங்களைக் கண்டுவர வட ஆர்க்காட்டிலிருந்தெல்லாம் கூட்டம் போனதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தளம் ஏற்பட்டது. சுற்றின் நீளம் ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர். கோயமுத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் கரிவர்தன் அவர்களின் பெயரால் ஒரு தளம் விளங்குகிறது. கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஆகவே, நம் பிள்ளைகளுக்கு இந்த ஆசை எழுவதில் வியப்பில்லை. அதைப் பழிப்பதும் முறையன்று. வேகமாக ஓட்டத்தான் வேண்டுமென்றால், எதிரே வண்டி வராத, ஓரத்தில் ஆள் நடமாட்டமில்லாத அவ்விடமே தக்க இடம்.

ஆனால் தளத்தில் மணல் இல்லை, மாடு இல்லை, மாம்பழக் காலத்தில் கூழ் ஆலைக்கு வரிசையாக நிற்கும் டிராக்டர்கள் இல்லை. ஒவ்வொரு வளைவும் ஓட்டுநருக்கு மனப்பாடம். திருமலைக்கு ஏறும் மலைப்பாதையை எண்ணிப் பாருங்கள். முதல் பாதை 1944-இல் திறக்கப்பட்டது, இரண்டாவது 1974-இல். இன்று ஒன்றில் ஏறி மற்றதில் இறங்குகிறோம். மழைத் தூறலில், பின்னிருக்கையில் பாட்டி கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டிருக்க, கொண்டை ஊசி வளைவில் திரும்பும் வண்டிக்கு வேண்டியது விட்டுக்கொடுக்கும் குணம். இறுகிய டிஃபரன்ஷியல் அங்கே பகையாகும். நல்ல எல்.எஸ்.டி. இருந்தாலும், ஈர ரோட்டில் அளவுக்கு மீறி மிதித்தால், ஒரு சக்கரத்துக்குப் பதிலாக இரண்டும் சேர்ந்து வழுக்கும். முன்சக்கர வண்டி வளையாமல் வெளியே போகும். பின்சக்கர வண்டி பின்புறத்தை வீசும். இது பிரேக் தூரத்தையும் குறைக்காது. இதைப் பாதுகாப்புச் சாதனம் என்று எண்ணுவது பெரும் பிழை.

தேர்ந்தெடுக்க நினைப்போர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை.

முதலாவது, ஓட்டம் முன்சக்கரத்திலா, பின்சக்கரத்திலா? முன்சக்கரம் என்றால் திருகுப் பல் வகையே பெரும்பாலோர்க்கு ஏற்றது. பிளேட் வகையில் ஸ்டீரிங் கையைப் பிடித்து இழுக்கும்.

இரண்டாவது, ஆண்டில் எத்தனை நாள் தளம், எத்தனை நாள் ரோடு? தளத்துக்கென்றே தனி வண்டி வைத்திருப்பவர் பிளேட் வகையை நாடலாம். நான்கு நாள் தளமும் மற்ற நாளெல்லாம் ரோடும் என்றால், மற்ற நாள்களுக்கு ஏற்றதையே வாங்க வேண்டும்.

மூன்றாவது, வளைவில் உட்சக்கரம் வெறுமே வழுக்குகிறதா, தரையைவிட்டே எழும்புகிறதா? எழும்பினால் முதலில் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்ஸார்பரையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, அந்த வண்டியை வேறு யார் ஓட்டுகிறார்கள்? தகப்பனாரும் தங்கையும் ஓட்டும் வண்டியில் அவர்களுக்குத் தெரியாமல் குணத்தை மாற்றலாகாது.

எச்சரிக்கைகள் மூன்று உண்டு. இது பொருத்திய வண்டியில் ஓட்டச் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியரில் எஞ்சினை ஓட்டக் கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் விசை பெற்று, வண்டி ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும். பழைய பழக்கத்தில் மெக்கானிக்குகள் இதைச் செய்து விடுவதுண்டு. முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். அடுத்து, அந்த அச்சில் இரு டயர்களும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் உடையனவாக இருக்க வேண்டும். இல்லையேல் நேர் ரோட்டிலும் ஓயாமல் உள்ளே உராய்ந்து சூடேறும். மூன்றாவது, காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் படிக்க வேண்டும். சாதாரணக் கார்ப் பாலிசி, ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கும். உறுப்பை மாற்றினால் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்துப் பதிலை வாங்கி வைத்துக்கொள்வது நலம்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். மேற்கண்டவற்றையெல்லாம் நாம் சொன்னபோது மருமகன் முகம் வாடியது. "உங்களுக்கு ஓட்டத் தெரியாது, மாமா. அதனால் சொல்கிறீர்கள்" என்றான். அது உண்மையே. நாம் வாதாடவில்லை. "சங்கிலி இருக்கட்டும். வெல்டிங் மட்டும் வைக்க மாட்டேன் என்று உன் அம்மாவுக்கு வாக்குக் கொடு" என்று கேட்டோம். மதகுச் சுவர்க் கதையைக் கேட்ட பிறகு வாக்குக் கொடுத்தான். ஆயினும் பத்து நாள் நம்மோடு பேசவில்லை.

பதினோராம் நாள் அவனே தொலைபேசியில் அழைத்தான். சித்தூரில் தனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவரிடம் காரைக் காட்டப் போவதாகவும், நாமும் வரவேண்டுமென்றும் கூறினான். மேஸ்திரி வயதானவர். வண்டியைத் தூக்கிவிட்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு கீழே கால் மணி நேரம் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்து, "எந்தச் சக்கரம் சுற்றுகிறது என்றாய்?" என்று கேட்டார். "வலது பக்கம் திரும்பும்போது வலது சக்கரம்தான் அதிகம்" என்றான். மேஸ்திரி அந்த டயரின் மேல் கையை வைத்துக் காட்டினார். இடப் பக்கத்து டயர் சென்ற ஆண்டு ஆணி குத்திக் கிழிந்ததால் புதிதாக மாற்றியது. வலப் பக்கத்து டயர் பழையது, வழுவழுவென்று தேய்ந்திருந்தது. கீழ்க் கையின் ரப்பர் புஷ் ஒன்றும் கிழிந்து கிடந்தது. பிரேக் எண்ணெய் காப்பி நிறத்தில் இருந்தது.

"இதையெல்லாம் முதலில் சரி செய். அப்புறமும் சுற்றினால் அந்தச் சாமானை வாங்கு. நானே பெட்டியை இறக்கி மாட்டித் தருகிறேன்" என்றார் அவர்.

முன் டயர்கள் இரண்டு, புஷ், எண்ணெய் என்று மருமகனின் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி போயிற்று. அதன்பின் ஒரு முறை இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் வந்தான். உட்சக்கரம் சுழல்வது குறைந்திருக்கிறது. முற்றும் நிற்கவில்லை என்கிறான். அதை நாம் நம்புகிறோம். இயல்பான டிஃபரன்ஷியலின் குணம் அது. திருகுப் பல் வகை ஒன்றைத் தன் சம்பளத்தில் மாதந்தோறும் சேர்த்து, அடுத்த ஆண்டு வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறான். அதற்கு நமக்கு மறுப்பில்லை. அந்த வண்டியில் அக்காளும் போவாள், நாமும் போவோம்.

சங்கிலி அக்காள் கழுத்தில்தான் இருக்கிறது. சென்ற வெள்ளிக்கிழமை அவளைத் திருமலைக்கு அதே காரில் அழைத்துச் சென்றான். இறங்கும்போது தூறல் இருந்ததாம். "பையன் மெதுவாகத்தான் ஓட்டினான், தம்பி" என்று அவள் சொன்னாள்.

இவ்விஷயத்தில் அனுபவமுள்ள அன்பர்கள் நம் சங்க முகவரிக்கு எழுதினால், பயனுள்ளவற்றை இப்பகுதியிலேயே வெளியிடுவோம். அதுவரை, இவ்வாரத்திலேயே ஒரு காரியம் செய்யுங்கள்: உங்கள் வண்டியின் முன்சக்கரங்கள் இரண்டையும் கையால் தடவிப் பார்த்து, இரண்டும் ஒன்றுபோல் தேய்ந்திருக்கின்றனவா என்று அறியுங்கள். அதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.